முப்பது மில்லிமீட்டர்

கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். மறையூரில் வேலை பார்த்த ஒரு டீச்சரின் ஹிமாலயன் வண்டியைப் பின்பக்கம் மட்டும் முப்பது மில்லிமீட்டர் தாழ்த்திக் கொடுத்தேன். அதில் வண்டியின் நடை கெட்டது. கெட்டது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. தனக்குத்தான் ஓட்ட வரவில்லை என்று அவர் நினைத்தார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையில் பிழை எந்தப் பட்டறையிலும் வரும். பாகத்தை மாற்றி, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தால் அது அதோடு தீர்ந்துவிடும். ஒரு மனுஷி தன் கைமேல் வைத்திருந்த நம்பிக்கையை என் பட்டறையின் பெயருக்காகப் பலி கொடுத்ததை அப்படித் தீர்க்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் நிறைய வீடுகளில் பேசுவது தமிழ். தமிழ் வழிப் பள்ளிக்கூடங்களும் உண்டு. கேரளத்தில் அப்படிப் பள்ளிகள் உள்ள இன்னொரு பக்கம் இடுக்கி. தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களில் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். எங்கள் பக்கம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு அந்த மலையில் வேலை கிடைக்கிறது. இரண்டு மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கேரளத்துக்குள்ளேயே போவதென்றால் திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களைச் சுற்ற வேண்டும். குறுக்கு வழி தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது: பொள்ளாச்சி, உடுமலை, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார் காடு, மறையூர். வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறவர்களுக்கு அந்த வழிதான்.

டீச்சரும் அப்படித்தான் போய்வந்தார். பஸ்ஸை நம்பினால் வீட்டில் இருக்கும் நேரம் பயணத்திலேயே போய்விடும் என்று ஹிமாலயன் வாங்கினார். வண்டி அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. லீவு நாளில் காந்தளூர், வட்டவடை என்று சுற்றிவிட்டு வந்து, எங்கே ரோடு எப்படி என்று என்னிடம் சொல்வார். பட்டறைக்கு வரும் பையன்கள் பலரைவிட நன்றாகவே ஓட்டுவார். இந்த ஒரு வரியை நான் அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

2016-ல் வந்த 411 சிசி ஹிமாலயனுக்கு இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். கிளாசிக் புல்லட்டும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஹிமாலயனின் எடை இருநூறு கிலோவை ஒட்டி வரும். முன்சக்கரம் 21 அங்குலம், முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் டிராவல் (அமுங்கும் தூரம்), வண்டியின் அடிக்கும் தரைக்கும் இடையில் 220 மில்லிமீட்டர். டீச்சர் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் கால் விட்டால் விரல்நுனிதான் தரையில் படும். ஓடும்போது அது ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போதுதான் பயம். ஒருநாள் சின்னார் செக்போஸ்டில் பதிவு போட நிறுத்தியபோது, கால் வைத்த பக்கம் தரை சரிவாக இருந்திருக்கிறது. வண்டி சாய்ந்துவிட்டது. காவலர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அடி ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்க்க விழுந்தது அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது.

"அண்ணா, ரெண்டு காலும் தரையில முழுசா படணும். வண்டிக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர். எறக்கிக் குடுத்தர்றேன்."

ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு எந்த அடிப்படையும் கிடையாது. அதுவரை நான் இறக்கிக் கொடுத்த வண்டிகள் எல்லாம் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடுபவை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் கணவாய் இது. எங்கள் ரோடு நேராகவும் மட்டமாகவும் கிடக்கும். மலையில் ஓடும் வண்டியை ஒருநாளும் இறக்கியதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வண்டியைத் தாழ்த்த வழிகள் பல. இருக்கையின் ஸ்பாஞ்சைச் சீவலாம். ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது முன்கூட்டியே இறுக்கிவைத்த அளவை, தளர்த்தலாம். முன்னால் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புக்குள் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டலாம். அல்லது ஃபோர்க்கைப் பிரித்து உள்ளே ஸ்பேசர் போட்டு டிராவலையே குறைக்கலாம். பின்னால் ஷாக் அப்சார்பருக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் இடையே லிங்க் இருக்கிற வண்டியென்றால், அந்த லிங்க்கை நீளமாக்கினால் பின்பக்கம் இறங்கிவிடும். ஹிமாலயன் லிங்க் உள்ள வண்டி. லேத்தில் எம்.எஸ். பட்டை வெட்டி, ஓட்டை போட்டு, புஷ் அடித்து மாட்டினால் முடிந்தது. இரண்டு மூன்று போல்ட் வேலை. அதனால்தான் எனக்கு அந்த வழி பிடிக்கும்.

பின்னச்சில் முப்பது இறக்கினால் இருக்கை முப்பது இறங்கிவிடாது. ஆள் உட்காருவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி. ஆகவே இருக்கையில் கிடைப்பது இருபதை ஒட்டித்தான். மீதிக்காக ஸ்பாஞ்சைச் சீவினேன். முன்பக்கத்தையும் அதே அளவுக்கு இறக்கியிருக்க வேண்டும். அதற்கு வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது மட்கார்டு மேலே எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்து, மறுபடி அளந்து இறுக்க வேண்டும். அன்றைக்கு வாசலில் வேறு வண்டிகள் நின்றன. மாலைக்குள் இவரை அனுப்ப வேண்டும். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. சைடு ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கவில்லை. செயின் தொய்வை மறுபடி பார்க்கவில்லை. ஹெட்லைட்டைத் திருத்தவில்லை.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் மொத்த வண்டியும் மேலே பார்க்கும். ஹிமாலயனின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1465 மில்லிமீட்டர். அதில் முப்பது இறங்கினால் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாய்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஃபோர்க்கும் அதே அளவு பின்னால் படுக்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சை நேராக நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையில் அழுந்தும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஃபோர்க் படுக்கப் படுக்க டிரெயில் கூடும். இந்தக் கணக்கில் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடியிருக்கும். டிரெயில் கூடினால் நேர் ரோட்டில் வண்டி ஆடாமல் அசையாமல் போகும். வளைவில் திருப்ப வலு கேட்கும். முன்சக்கரத்தில் பாரமும் கொஞ்சம் குறைவதால், ஏற்றத்து வளைவில் முன்டயர் ரோட்டைப் பிடிக்கிற உணர்வு கைக்கு வராது.

நான் ஓட்டிப் பார்த்தது எங்கள் ஊர் நேர் ரோட்டில். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. திரும்பி வந்து, முன்னைவிட நன்றாக நிற்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். அந்த நிமிஷம் அது பொய்யில்லை. கெடுதலே அங்கே நல்லதாகத் தெரிந்தது. நான் தேர்ந்தெடுத்த ரோடு அப்படி.

இரண்டு காலும் தரையில் படிந்ததைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். போனபிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

முதலில் ஸ்டாண்டு. வண்டி இறங்கியதால் பழைய ஸ்டாண்டு நீளம் அதிகமாகிவிட்டது. போட்டால் வண்டி சாயாமல் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். மலையில் மட்டமான தரை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்த வண்டி வலதுபக்கம் சரிந்து, பிரேக் லீவரும் கண்ணாடியும் உடைந்தன. சரியாக நிறுத்தத் தெரியவில்லை அண்ணா என்று அவரே பழியை எடுத்துக்கொண்டு வந்தார். புது லீவர் போட்டேன். அதற்குக் காசும் வாங்கினேன். ஸ்டாண்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் காரணம் தெரிந்தது. அந்த நிமிஷம் தொடங்கியதுதான் மற்ற எல்லாமே.

அடுத்த சர்வீஸில் வண்டியை மேலே ஏற்றி அடியைப் பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டின் காலில் உரசிய தடம் பளபளத்தது. அடித்தட்டில் நசுங்கல். பின் மட்கார்டின் உள்பக்கம் டயர் தேய்த்த கோடு. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. லிங்க்கை நீட்டியதில் ஷாக்கின் மேல் விழும் நெம்பு மாறிவிட்டது. அதே ஸ்பிரிங் இப்போது மெத்தென்று அமுங்கி, குழியில் அடிமட்டம் வரை போய் இடிக்கிறது. அப்படி அடிமட்டம் போகும்போது சக்கரம் மட்கார்டைத் தொடுகிறது. வளைவில் படுக்கும்போது ஸ்டாண்டு ரோட்டைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது பின்னால் அரிசி, எண்ணெய், நோட்டுக்கட்டு என்று சுமை வேறு. வண்டி இன்னும் இறங்கியிருக்கும். ஸ்டாண்டு ரோட்டில் அழுத்தமாகக் குத்தினால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிடும். அந்த உரசலைக் கண்ட எந்த மெக்கானிக்கும் வண்டியை வெளியே விடக்கூடாது.

நான் அந்தத் தடத்தின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது வாக்குமூலம் ஆகாது. தெரியாமல் செய்தேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இடமிருந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தபிறகு இல்லை.

டீச்சர் அன்று இடுப்பு வலிக்கிறது என்றார். மறையூரில் இறங்கியதும் அரைமணி நேரம் உட்கார்ந்தால்தான் சரியாகிறதாம். சீவிய ஸ்பாஞ்சு, அடிமட்டம் இடிக்கும் ஷாக். வலிக்காமல் என்ன செய்யும்? குழியில் விழுகிற அடியை ஷாக்கும் ஸ்பாஞ்சும் பங்கு போட்டுத் தின்ன வேண்டும். இரண்டிலும் நான் குறைத்துவிட்டதால் பாக்கி முழுவதும் அவர் முதுகெலும்புக்குப் போனது. வயசாகுதுங்கண்ணா என்றார். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். முன்னெல்லாம் வளைவில் பார்த்த இடத்துக்கு வண்டி வரும், இப்போது நான் ஒரு பக்கம் போகிறேன், அது ஒரு பக்கம் போகிறது என்று. இதைவிடத் தெளிவாக ஒரு மெக்கானிக்கிடம் யாரும் கோளாறு சொல்ல முடியாது. நான் சொன்ன பதில்: "மலைல ஓட்டிப் பழகோணும்ங்க டீச்சர், போகப் போகச் சரியாயிரும்." அவர் அதற்கு முன்பே எத்தனையோ தடவை அந்த மலையில் ஏறி இறங்கியவர்.

இதே வார்த்தையை ஒரு ஆண் வந்து சொல்லியிருந்தால் நான் முதலில் வண்டியைத்தான் பார்த்திருப்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. குள்ளமான பெண், பெரிய வண்டி. தடுமாறினால் ஓட்டுகிறவர்தான் காரணம் என்று ஊரே நம்பத் தயாராக இருந்தது. அவரும் நம்பத் தயாராக இருந்தார். நான் பொய் சொல்லக்கூடத் தேவையிருக்கவில்லை, சும்மா இருந்தாலே போதும்.

கடைசியில் அவரே கேட்டார், ஒருதடவை நீங்கள் மறையூர் வரை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. அவர் உடுமலையில் பஸ் ஏறினார். அவருடைய சுமையோடு வண்டியை நான் எடுத்துப் போனேன். உடுமலை வரை காற்றாலை ஓரமாக, நேர் ரோட்டில், வண்டிமேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்பதாறு தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் மாறியது. அந்த ரோடு குறுகல். மழை மறைவுப் பகுதி என்பதால் இருபுறமும் முள்காடு. எந்த வளைவுக்கு அப்பால் யானை நிற்கும் என்று சொல்ல முடியாது. அங்கே வண்டி சொன்ன பேச்சு கேட்க வேண்டும். சின்னார்ப் பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபிறகு இடதுபக்க வளைவில் ஹேண்டிலைத் தள்ளத் தள்ள வண்டி வெளியே வெளியே போய் எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் மோசம். வண்டி இறங்கியதில் ஸ்விங்ஆர்ம் மட்டமாகப் படுத்துவிட்டது. செயின் இழுக்கும்போது பின்பக்கம் குந்தாமல் தாங்குகிற வேலையை அந்தக் கோணம்தான் செய்யும். அது போனதால் ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் பின்னால் குந்தி முன்னால் லேசாகியது. எதிரே ஜீப் ஒன்று வந்தது. ஓட்டியவர் நல்லவர், ஒதுங்கிக்கொடுத்தார்.

காடு மங்கலாக இருந்ததால் ஹெட்லைட் போட்டேன். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. ஒரு டிகிரி மேலே பார்த்தால் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் உயரம் கூடிவிடும். சுமை ஏற்றினால் இன்னும் மேலே. பொழுது சாய்ந்தால் இந்தக் காட்டு வழியில் டூவீலரை விடுவதில்லை. அதற்கு முன் மேலே சேர அவர் அவசரமாக ஏறியிருக்கிற மாலைகளில், மரக்கிளைகளுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு போயிருக்கிறார். எதிரே வந்தவர்கள் திட்டினார்கள் என்று முன்பு ஒருதடவை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

மறையூர் பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"என்னங்கண்ணா, எனக்குத் தைரியம் பத்தலீங்களா, இல்ல கை பத்தலீங்களா?"

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. லிங்க்கைக் கழற்றிப் பழையதை மாட்டினால் ஒருமணி நேரத்தில் அவருடைய பழைய வண்டி திரும்பக் கிடைக்கும் என்றும் தெரியும். அந்தப் பழைய லிங்க் பட்டறை அலமாரியில்தான் கிடந்தது. நான் சொன்னது: "வண்டி நல்லாத்தானுங்க டீச்சர் இருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போதிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டி இறக்கணும்னா கொழிஞ்சாம்பாறைக்குப் போ என்று பொள்ளாச்சி வரை பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் வருமானம் வந்தது. இவர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டால் முன்னால் இறக்கிய எல்லா வண்டிக்கும் பதில் சொல்ல வேண்டும். அதோடு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்தே உள்ளுக்குள் ஒரு பயம். கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பானது; அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே வருஷச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறுமாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று சட்டம் சொல்கிறது, அதுவும் வண்டியின் உரிமையாளருக்கு. லிங்க் மாற்றுவது அதற்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடலாம். அப்படி ஒரு கேள்வி இருப்பதையே நான் டீச்சரிடம் சொல்லவில்லை. மாட்டினால் மாட்டுவது அவர், காசு எனக்கு.

இத்தனையும் காரணம்தான். ஆனால் அந்த பஸ் ஸ்டாண்டில் இவ்வளவும் யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவர் கேட்டதும் வாய் தானாக அப்படிச் சொன்னது.

டீச்சர் அதன்பிறகு வண்டியை எடுப்பதைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். பழைய வண்டி வியாபாரி ஒருவர் வழியாக விற்றுவிட்டார். விற்குமுன் ஒருதடவை சர்வீஸ் செய்து கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் விட்டார். அப்போதுகூடப் பழைய லிங்க்கை மாட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மாட்டினால் வண்டி உயர்ந்துவிடும், ஏன் என்று கேட்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு கெடுதலை அவரிடமிருந்து எடுத்து முகம் தெரியாத இன்னொருவரிடம் அனுப்பினேன்.

அவரிடம் போய்ச் சொன்னது வெகுநாள் கழித்து. இடமாற்றம் வாங்கி ஊருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தார். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறார். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, என்னங்கண்ணா விஷயம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், பெயிண்ட் அடித்தது உட்பட. அவர் கோபப்படவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அப்ப அந்த வளைவுல வண்டி வெளிய போனது என்னாலயில்லீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"ஸ்கூல் வாசல்ல விழுந்தது?"

"அதும் இல்லீங்க."

"நான் நல்லாத்தான ஓட்டிட்டு இருந்தேன்?"

அவர் அழுதார். லீவருக்கு வாங்கிய காசையும், இறக்குவதற்கு வாங்கிய காசையும் கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். அதைத் திண்ணையில் வைக்கவே கை வரவில்லை. கடைசியில் வைத்தேன். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். அது சரிதான்.

குள்ளமானவர்கள் உயரமான வண்டி ஓட்டக் கூடாது என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று நான் செய்திருக்க வேண்டிய வேலை இருந்தது. முதலில் அவருடைய எடையையும் வழக்கமான சுமையையும் வைத்து ஷாக்கின் பிரீலோடைச் சரிபார்த்திருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு போல அமுங்க வேண்டும், 180-க்கு ஐம்பத்தைந்து அறுபது. இருக்கையின் உயரத்தைவிட அதன் முன்பக்க அகலம்தான் பலருக்குக் காலைத் தடுக்கிறது. நடு ஸ்பாஞ்சைத் தொடாமல் இரண்டு ஓரத்தையும் ஒடுக்கினாலே கால் நேராக இறங்கும், இடுப்புக்கும் கெடுதல் இல்லை. கெட்டி அடியுள்ள பூட்ஸ் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நிறுத்தும் விதத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு காலும் தரையில் பட வேண்டியதில்லை. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரே காலை முழுசாக ஊன்றினால் போதும்; அது இடது காலானால் வலது கால் பிரேக்கில். நிறுத்துமுன் தரை எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் கால் விட வேண்டும். கொண்டை ஊசியின் நடுவில் நிறுத்தவே கூடாது. கீழேயே காத்திருந்து வழி கிடைத்ததும் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலி மைதானத்தில் பழகியிருந்தால் சின்னார் செக்போஸ்ட் அவருக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது.

அப்படியும் தாழ்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் அது கம்பெனி செய்கிற மாதிரி இருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ தன் பெரிய ஜி.எஸ். வண்டிகளைச் சிலவற்றில் தாழ்ந்த சஸ்பென்ஷனோடே விற்கிறது. 2022-ல் ஹிமாலயனிலிருந்து ஸ்கிராம் 411 வந்தபோது முன்சக்கரத்தை 21-லிருந்து 19 அங்குலமாக்கினார்கள். முன் டிராவலை 200-லிருந்து 190 ஆக்கினார்கள். தரை இடைவெளியை 220-லிருந்து 200-க்கு இறக்கினார்கள். இத்தனைக்குப் பிறகு இருக்கை இறங்கியது வெறும் ஐந்து மில்லிமீட்டர், 795-க்கு. வண்டியைப் படைத்தவர்களே எத்தனை இடத்தைத் தொட்டு எவ்வளவு கொஞ்சமாக இறக்கினார்கள் என்று பார்த்தபோதுதான், ஒரு மத்தியானத்தில் இரண்டு பட்டையைக் கொண்டு நான் செய்தது எனக்கு முழுசாக உறைத்தது. ஹார்லி 2021-ல் பேன் அமெரிக்கா என்ற வண்டியில் வேறு வழி கண்டது: வண்டி நிற்கப் போகும்போது தானாக இறங்கும், ஓட ஆரம்பித்ததும் தானாக உயரும். நிற்கிற சில நொடிகளுக்காக ஓடுகிற மணிக்கணக்கைக் கெடுக்காமலிருக்க அவ்வளவு பெரிய கம்பெனி அவ்வளவு செலவழித்திருக்கிறது. 2023-ல் வந்த புது ஹிமாலயனில் இருக்கையையே 825, 845 என்று மாற்றி வைக்கலாம். 805-க்குத் தாழ்ந்த இருக்கை தனியாகக் கிடைக்கிறது. சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

இப்போது இறக்கச் சொல்லி யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்லி இதையெல்லாம் பேசுகிறேன். பாதிப்பேர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். முன்பு இறக்கியவர்களில் ஞாபகமுள்ள எல்லோருக்கும் போன் செய்தேன். சிலர் வந்து மாற்றிக்கொண்டார்கள். சிலர், நேர் ரோட்டில்தான் ஓட்டுகிறேன், அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அவர்களிடமும் சுமையேற்றி மலையேற வேண்டாம், ஹெட்லைட்டையும் ஸ்டாண்டையும் வந்து சரிசெய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

டீச்சரின் வண்டிதான் கிடைக்கவில்லை. வியாபாரி மூணாறுப் பக்கம் ஒருவருக்கு விற்றதாகச் சொல்கிறார்; அவரிடமிருந்தும் அது கைமாறிவிட்டது. கே.எல். 70 பதிவு, 411 ஹிமாலயன். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து ஷாக்கின் அடியில் பாருங்கள். கம்பெனி லிங்க்குக்குப் பதிலாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த தட்டையான இரண்டு இரும்புப் பட்டைகள், விளிம்பில் கிரைண்டர் தடத்தோடு இருக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி சாயாமல் நிற்கும். சென்டர் ஸ்டாண்டின் காலைச் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் உரசிய தடம் தெரியும். அதுதான். அதன்மேல் சுமை ஏற்றாதீர்கள், இடதுபக்க ஏற்ற வளைவில் மெதுவாகப் போங்கள், கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவாருங்கள். வர முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். கம்பெனி லிங்க் இரண்டும் கிரீஸ் தடவி, துணி சுற்றி என்னிடம் இருக்கின்றன. ஒருமணி நேர வேலை. காசு வேண்டாம்.